நெஞ்சு நோவும் முதல் மணித்தியாலமும்



"வாயுவாக்கும்" என்ற ஒரு சொல் நம்மவர் வீடுகளில் எத்தனை உயிரைக் கொண்டுபோயிற்று! என் பெரியப்பா நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எங்களை எழுப்பியபோது, இஞ்சியும் ஓமமும் அவித்துக் கொடுத்துவிட்டு, விடியட்டும் என்றிருந்தோம். விடியுமுன் போய்விட்டார். கொலன்னாவையிலிருந்து கொழும்புத் தேசிய வைத்தியசாலை எட்டாத தூரமா?

இருதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கும் குழாயில் இரத்தக்கட்டி அடைத்துக்கொள்வதே மாரடைப்பு. நேரம் போகப்போகத் தசை சாகும். நெஞ்சை அமுக்குவது போன்ற நோவு, அது கைக்கோ தாடைக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுமுட்டு இவை குறிகள். நீரிழிவுக்காரருக்கு நோவே இல்லாமலும் வரும்.

நோயாளியை நடக்க விடாதீர்கள். 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். 2016இல் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் காசின்றி வரும். வைத்தியசாலையில் ஈ.சி.ஜி. எடுத்து, கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றுவர். அல்லது சிறு பலூனால் குழாயைத் திறப்பர். 1977இல் சூரிச் நகரில் குருன்ட்சிக் என்ற வைத்தியர் முதன்முதல் செய்த முறை அது. எதுவாயினும் நேரத்தோடு போனவருக்கே பலன் அதிகம்.

ஆள் உணர்விழந்து மூச்சும் நின்றுவிட்டால், நடுநெஞ்சில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, இரண்டு அங்குல ஆழத்துக்கு, அம்புலன்ஸ் வரும்வரை அமுக்கவேண்டும். வாலிபர்களே, இதைப் பழக ஒரு ஞாயிறு காலை போதும். பெரியோர்களே, இரவில் பிள்ளைகளை எழுப்பக் கூச்சப்படாதீர்கள். பெரியப்பா எங்களை எழுப்பியது, நோவு தொடங்கி இரண்டு மணித்தியாலத்தின் பின்புதான்.