பொதுப் பூங்காவில் நமக்குரிய இடம்

(சுந்தரபாண்டியபுரத்தில் நடைபெற்ற வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விக் கழகத்தின் வெள்ளிவிழாவில் பள்ளியையும் தேர்வையும் பற்றிப் பேசுவதே வழக்கம். நாங்கள் பூங்காவைப் பற்றிப் பேச விழைகின்றோம். காரணம் உண்டு.

சென்ற சாரல் காலத்தில் மாலைப் பள்ளிப் பிள்ளைகளைக் குற்றாலத்திற்கு அழைத்துச் சென்றோம். பேரருவியில் குளிக்கத் தயங்காத பிள்ளைகள், ஐந்தருவிக்கு அருகிலுள்ள சுற்றுச்சூழல் பூங்காவின் வாயிலில் நின்றுவிட்டனர். “நாமும் உள்ளே போகலாமா சார்?” என்று கேட்டாள் ஒரு சிறுமி. தடுத்தவர் எவருமிலர். எந்தத் திண்ணையில் அமரலாம், எதில் அமரலாகாது என்று பெற்றோர் பார்த்துப் பழகிய அச்சமே அவளைத் தடுத்தது.

இத்தகைய வாயில் உலகில் வேறிடத்தும் இருந்தது. சீனாவின் பெருநகரமாகிய ஷாங்காயில் 1868ஆம் ஆண்டு ஆற்றங்கரையில் ஒரு பொதுப் பூங்கா திறக்கப்பட்டது. மண் சீனருடையது, நிர்வாகம் அயல்நாட்டாருடையது. சீனர் உள்ளே நுழையலாகாது. அயல்நாட்டார் குழந்தையைத் தூக்கிச் செல்லும் ஆயாவுக்கு மட்டும் அனுமதி உண்டு. இடைவிடாத எதிர்ப்புக்குப் பின்னர், 1928இல்தான் அக்கதவு சீனர் அனைவருக்கும் திறந்தது. அந்நகரில் குதிரைப் பந்தயத் திடலாக இருந்த நிலத்தில் 1952இல் மக்கள் பூங்கா எழுந்தது.

இன்று அந்நகரத்துப் பூங்காக்களில் விடியற்காலையிலேயே முதியோர் நிதானமாகக் கைகால் அசைத்து உடற்பயிற்சி செய்கின்றனர். சிலர் சதுரங்கம் ஆடுகின்றனர். பெண்கள் வரிசையாக நின்று நடனமாடுகின்றனர். ஒருவர் பெரிய தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துத் தரைக்கல்லில் எழுதுகிறார். வெயில் ஏற எழுத்து மறைகிறது. மக்கள் பூங்காவில் வார இறுதியில் பெற்றோர் தம் மக்களுக்கு வரன் தேடி, விவரத் தாளைக் குடையின்மேல் வைத்து அமர்ந்திருக்கின்றனர். ஒரு காலத்தில் வாயிலில் தடுக்கப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் இன்று தம் வீட்டு முற்றம்போல் பூங்காவில் உலவுகின்றனர்.

நம்மவர்களும் அக்காலத்தில் வாளாவிருக்கவில்லை. பொதுச் சாலை, கிணறு, குளம், மக்கள் கூடும் இடங்கள் யாவும் அனைவருக்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்தார். 1927இல் மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீர் அள்ளிப் பருகினார். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு அவ்வுரிமையை உறுதி செய்தது. ஆகவே பூங்காவின் இருக்கை எவரும் இரங்கி அளிக்கும் சலுகையன்று. போராடிப் பெற்ற உரிமை.

நம் ஊரின் சூரியகாந்தி வயல்களைக் காணப் பருவந்தோறும் வெளியூரார் வந்து படம் எடுத்துச் செல்கின்றனர். அவ்வயல்களில் களை பறித்த நம் தாய்மார்களுக்கோ நிமிர்ந்து நின்று பூவைப் பார்க்கப் பொழுது வாய்த்ததில்லை. உழைப்பு நமக்கு, ஓய்வும் அழகும் பிறர்க்கு என்னும் எண்ணம் நம் உள்ளத்திலிருந்தே அகல வேண்டும். ஆண்டுக்கொரு முறையேனும் பிள்ளைகளைப் பெற்றோருடன் பூங்காவிற்கு அழைத்துச் செல்வதையும் இக்கழகம் தன் கல்வித் திட்டத்தில் சேர்க்க வேண்டுகிறோம்.

அன்று அச்சிறுமியின் கையைப் பற்றி உள்ளே அழைத்துச் சென்றோம். மாலையில் பேருந்துக்கு நேரமாயிற்று என்று மும்முறை கூப்பிட்ட பின்னரே அவள் வெளியே வந்தாள்.

வளர்க கழகம்!