உடலுக்குள் ஒரு சிறு கருவி
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் நம் பிள்ளைகள் பலர் பொறியியல் பயில்கின்றனர். அவர்களும் அவர்தம் பெற்றோரும் அறிய வேண்டிய ஒரு பேராசிரியரைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

சென்னை ஐ.ஐ.டி.யின் மின்பொறியியல் பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசம், அமெரிக்காவில் வென்டாய் லியு என்பாரின் குழுவில் செயற்கை விழித்திரைக்கான சில்லுகளை ஆராய்ந்தவர். ரெட்டினிட்டிஸ் பிக்மென்டோசா என்னும் பரம்பரை நோய், விழித்திரையின் ஒளியுணர் அணுக்களைச் சிறுகச் சிறுக அழிப்பது. (நெருங்கிய உறவில் மணமுடிக்கும் குடும்பங்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது என்பதை நாம் மறைப்பதற்கில்லை.) எனினும், அவ்வணுக்களை அடுத்துள்ள நரம்பணுக்கள் பல உயிரோடிருக்கும். மூக்குக்கண்ணாடியிலுள்ள கேமரா காண்பதை மின்துடிப்புகளாக்கி அவற்றிற்கு ஊட்டுவதே செயற்கை விழித்திரை.

சொல்வது எளிது. கண்ணுக்குள் பேட்டரி வைத்து அடிக்கடி மாற்ற இயலாது. வெளியே உள்ள கம்பிச்சுருளிலிருந்து தொடர்பின்றியே மின்சாரம் உள்ளே செல்ல வேண்டும். சில்லு சூடேறினால் திசு கேடுறும். உடல்நீர் கசிந்தால் சில்லு கேடுறும்.

இவ்வகையில் 2013இல் அமெரிக்க அனுமதி பெற்ற 'ஆர்கஸ் 2' கருவியில் 60 மின்முனைகளே இருந்தன. அது முகத்தைக் காட்டாது. வாசல் எது, சுவர் எது என்று உணர்த்தும். இருளில் இருந்தவர்க்கு அதுவே பெரும் பேறு. ஆனால், 'செகண்ட் சைட்' நிறுவனம் 2019இல் அதனைக் கைவிட்டது. அதனைக் கண்ணில் பொருத்திக்கொண்ட 350க்கும் மேற்பட்டோர், பழுதானால் செல்ல இடமின்றி நின்றனர்.

அதற்கு வெகுமுன்பே தாயகம் திரும்பிய பேராசிரியர், மத்திய உயிரித்தொழில்நுட்பத் துறையின் துணையோடு 2011இல் ஐ.ஐ.டி.யில் மருத்துவக் கருவிகளுக்கென ஒரு மையம் தொடங்கினார். அங்கு உருவான 'ஆர்ட்சென்ஸ்', கழுத்தில் வைத்து ஒலியலைகளால் இரத்தக்குழாயின் விறைப்பை அளப்பது. உடலைக் கீற வேண்டியதில்லை. இதயநோய்க்கான அபாயத்தை முன்கூட்டியே அறியலாம். செயற்கை விழித்திரையோடு ஒப்பிட இது சிறியதாகத் தோன்றலாம். நம் மக்களில் கூடுதலானோர்க்குப் பயன்படுவது இதுவே என்பது நம் எண்ணம்.

இனி ஒரு வேண்டுகோள். நம்மில் பேஸ்மேக்கர் பொருத்திய பெரியவர்கள் உள்ளனர். கருவியின் பெயர், எண், பொருத்திய தேதி அடங்கிய அட்டையை மருத்துவமனை தந்திருக்கும். அதன் நகலொன்றைப் பிள்ளைகளிடம் கொடுத்து வையுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் முதலில் அவ்வட்டையைக் காட்டுங்கள்.