பள்ளி புகும் பருவம்

குழந்தை வீட்டை விட்டுப் பள்ளிக்குச் செல்லுதலை ஒரு படி ஏறுதல் என்பர். தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் நம்மவர் குழந்தைகளுக்கோ அது ஒரே நாளில் இரண்டு படிகளை ஏறுவதாக அமைந்துவிடுகிறது. பாட்டும் விளையாட்டுமாகக் கழிந்த பருவத்திலிருந்து, மணி அடித்ததும் வரிசையில் அமரும் வகுப்பிற்குச் செல்லுதல் ஒன்று; தாய் பேசிய மொழியிலிருந்து ஆசிரியை பேசும் மொழிக்குச் செல்லுதல் மற்றொன்று. தில்லியிலும் மும்பையிலும் ஆமதாபாத்திலும் வாழும் பெற்றோர் முதற்படியைப் பற்றி ஓரளவு சிந்திக்கின்றனர். இரண்டாவதைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கியதும் பலர் ஒரு விபரீதமான முடிவிற்கு வருகின்றனர். குழந்தைக்கு மூன்று வயது நிறைந்தவுடன் வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு, தமக்கே அரைகுறையாகத் தெரிந்த இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேசத் தலைப்படுகின்றனர். அது குழந்தைக்கு உதவி அன்று என்பதே நாம் இன்று கூற விரும்புவது.

முதல் வகுப்பிற்குச் செல்லும் குழந்தைக்கு வேண்டிய ஆயத்தம் யாது? எழுத்துக்களை வரிசையாக ஒப்பித்தலும், நூறு வரை எண்ணிக் காட்டுதலும் என்றே பலர் எண்ணுகின்றனர். கல்வியாளர்கள் அவ்வாறு கருதவில்லை. கிஜுபாய் பதேக்கா 1920-இல் குஜராத்தின் பாவ்நகரில் பாலமந்திரத்தைத் தொடங்கியபோதே, கதையும் ஆடலும் கைவேலையும் பிள்ளைகளின் கல்வி என்பதைக் காட்டினார். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மூன்று வயது முதல் எட்டு வயது வரையுள்ள காலத்தை ஒரே பருவமாக வகுத்துள்ளது. அங்கன்வாடியிலோ பாலவாடிகையிலோ மூன்றாண்டுகள், அதன்பின் முதல் இரு வகுப்புகள். ஆறு வயதில் முதல் வகுப்பு. 2021-இல் வெளியிடப்பட்ட ‘வித்யா பிரவேஷ்’ என்னும் திட்டமோ, முதல் வகுப்பின் தொடக்க மூன்று மாதங்களையே விளையாட்டு வழிக் கல்விக்கு ஒதுக்குகிறது. குழந்தை மட்டும் பள்ளிக்கு ஏற்றபடி மாறினால் போதாது, பள்ளியும் சற்றுக் குனிந்து குழந்தையை வரவேற்க வேண்டும் என்பது இதன் கருத்து.

ஆகவே வீட்டில் நாம் செய்யக்கூடியவை எளியவை. ஒரு கதையை முடிவு வரை கேட்டிருத்தல், தன் முறை வரும்வரை பொறுத்திருத்தல், தன் சட்டைப் பொத்தானைத் தானே மாட்டுதல் ஆகியவற்றில் பழக்கலாம். பட்டாணி உரித்தல், பூத்தொடுத்தல், கோலப்புள்ளி வைத்தல் ஆகியன விரல்களுக்கு உறுதி தரும். நம் பாட்டிமார் ஆடிய பல்லாங்குழியில் எண்ணிக்கையும் உண்டு, பொறுமையும் உண்டு. தோற்பதற்கும் அது பழக்குகிறது. குழிகள் வெட்டிய பலகை கிடைக்காவிட்டால் தரையில் சுண்ணக்கட்டியால் வட்டங்கள் போட்டுக்கொள்ளலாம், புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை.

இனி மொழிக்கு வருவோம். ஆறு வயதிற்குள் ஒரு மொழியில் நிறைவாகப் பேசப் பழகிய குழந்தை, ‘ஏன்’ என்று கேட்க அறியும்; ‘அதனால்’ என்று காரணம் சொல்லவும், நேற்று நடந்ததை முன்பின் மாறாமல் கூறவும் அறியும். அக்குழந்தை புதிய மொழியில் பெறவேண்டியவை பெரும்பாலும் புதிய பெயர்களும் புதிய ஒலிகளுமே. பொருள் ஏற்கெனவே உள்ளத்தில் இருக்கிறது. பெற்றோர் அரைகுறை மொழியில் பேசும் வீட்டிலோ, ‘வா, போ, சாப்பிடு, தூங்கு’ என்னும் ஏவல்களே மிஞ்சுகின்றன. அம்மொழியில் கதை இல்லை, தாலாட்டு இல்லை. அன்போடு கோபித்துக்கொள்ளவும் அதில் சொற்கள் இல்லை. பள்ளியில் பேசும் மொழியும் முழுதாக வராமல், வீட்டுமொழியும் வளராமல் குழந்தை இடையில் நிற்க நேர்கிறது.

புதிய வகுப்பிற் சேர்ந்த குழந்தை சில வாரங்கள், சிலபோது சில மாதங்கள், அங்கே வாய் திறவாமல் இருக்கக்கூடும். அதைக் கண்டு ‘மந்தம்’ என்று ஆசிரியை குறித்தாலும் பெற்றோர் அஞ்சவேண்டுவதில்லை. இரண்டாம் மொழியைக் கேட்டுக் கேட்டுச் சேர்க்கும் காலம் அது. வீட்டில் தமிழில் தாராளமாகப் பேசுகிற பிள்ளையானால் கவலைக்கு இடமில்லை. வீட்டிலும் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் மட்டும் தாமதியாமல் மருத்துவரிடம் காட்டிச் செவித்திறனைச் சோதித்தறிய வேண்டும்.

ஒலிகளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தமிழில் ‘க’ என்பது ஓர் எழுத்து. இடத்திற்கேற்ப அதன் ஒலி மாறும். இந்தியில் அந்த வரிசையிலேயே நான்கு எழுத்துக்கள் நான்கு ஒலிகளுக்கு உள்ளன. நம் குழந்தைக்கு அந்நான்கும் முதலில் ஒன்றுபோலவே கேட்கும், எழுதும்போது மாறிப்போகும். இது அறிவுக் குறைவு அன்று, காதின் பழக்கமே. எழுத்தைக் காட்டுவதற்கு முன் அவ்வொலிகளைப் பாட்டாகவும் விளையாட்டாகவும் பலமுறை கேட்கச் செய்தால் பிழை குறையும். மறுபுறம், ‘எ’, ‘ஏ’ என்றும் ‘ஒ’, ‘ஓ’ என்றும் நாம் பிரித்தறியும் குறிலும் நெடிலும் இந்தி எழுத்தில் இல்லை. மராத்தி கற்கும் குழந்தை நம் ‘ள’ ஒலியை அங்கும் கண்டு மகிழும். ‘ழ’ ஒன்றுதான் வீட்டிலேயே காப்பாற்றப்பட வேண்டியது!

பெயரைப் பற்றியும் கூறவேண்டும். வடபுலத்துப் பதிவேடுகளில் குடும்பப் பெயர் கேட்கின்றனர். நாம் தந்தையின் பெயரை அவ்விடத்தில் எழுதிவிடுகிறோம். வருகைப் பதிவின்போது ஆசிரியை அப்பெயரை உரக்கப் படிக்க, தன் அப்பாவை யாரோ அழைப்பதாக எண்ணிக் குழந்தை பேசாமல் இருந்துவிடுகிறது. வீட்டில் அழைக்கும் பெயரை முதல்நாளே ஆசிரியைக்குத் தெரிவித்துவிட்டால் இச்சங்கடம் இராது. தண்ணீர் வேண்டும், கழிவறைக்குப் போகவேண்டும், வயிறு வலிக்கிறது என்பனவற்றைப் பள்ளியின் மொழியில் சொல்லக் குழந்தைக்குக் கற்பித்து அனுப்புதல் அவசியம்.

வேலைக்காக ஊர் ஊராகச் செல்லும் தொழிலாளர் குடும்பங்கள் சட்டத்தை அறிந்திருத்தல் நன்று. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையின் சேர்க்கையை மறுத்தலாகாது. சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துத் தெரிவு செய்தலும் ஆகாது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யவேண்டும் என்னும் விதி 1956-இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. மும்பை மாநகராட்சிப் பள்ளிகளின் பயிற்றுமொழிகளுள் தமிழும் ஒன்று. தில்லியில் தமிழ்க் கல்விக் கழகம் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. இத்தகைய வாய்ப்பு அருகில் உள்ளதா என்று விசாரித்துப் பார்க்கலாம். பெரும்பாலோர்க்கு அது கிட்டுவதில்லை என்பதும் உண்மையே.

அவ்வாறாயின், அதே பள்ளியில் மேல்வகுப்பில் படிக்கும் தமிழ்ப் பிள்ளை ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை சிறுவர்க்கு மணலில் எழுதப் பழக்கிய வழக்கம் புதிதன்று. சென்னையில் அதைக் கண்ட ஆண்டுரூ பெல் 1797-இல் அம்முறையைப் பற்றி நூலெழுதி, இங்கிலாந்திலும் அதைப் பரப்பினார். இடைவேளையில் ஐந்து நிமிடம் வந்து தமிழில் பேசிவிட்டுப் போகும் ஓர் அக்காவோ அண்ணனோ புதிய குழந்தைக்குப் பெருந்துணை.

நேயர்களே, மாலையில் குழந்தை வீடு திரும்பியதும், ‘இன்று என்ன சொல்லிக் கொடுத்தார்கள்?’ என்று கேட்பது நம் வழக்கம். அதற்கு ஆறு வயதில் விடை கூறுதல் கடினம். ‘உன் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்? அவர்கள் டப்பாவில் என்ன கொண்டுவந்தார்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். விடை பாதி தமிழிலும் பாதி இந்தியிலும் வரும். இடைமறித்துத் திருத்த வேண்டா. கேட்டுவிட்டு, அதையே தமிழில் தொடர்ந்து பேசுங்கள்.