பித்தளையில் எழுதிய முகவரி



உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் பக்கத்து ஊர்களில் வழி கேட்டால், "சுபேதார் வீட்டைத் தாண்டிப் போங்க" என்று கை காட்டுவார்கள். பட்டாளத்தார் வீடு என்றும் சொல்வதுண்டு. அந்தச் சுபேதார் காலமாகி இரண்டு தலைமுறை ஆகியிருக்கும். எந்தப் படையில் இருந்தார், எந்த நாட்டுக்குப் போனார் என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது. பரண்மேல் ஒரு டிரங்குப் பெட்டி, அதற்குள் ஒரு காக்கிச் சட்டை, இரண்டு பதக்கம், கொஞ்சம் பித்தளைச் சாமான். அதை வைத்தே அந்த மனிதரைத் தேடிப் பிடிக்கலாம். அந்த வழியைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

பட்டனைப் பாருங்கள். அரச கிரீடம் இருந்தால் அது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டை. மிஞ்சிப் போனால் சுதந்திரம் வந்த முதல் இரண்டரை ஆண்டுக்குள் தைத்தது. 1950 ஜனவரி 26-ல் நாடு குடியரசானபோது கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது. சட்டைக் கையில் ஒரு பட்டை என்றால் லான்ஸ் நாயக், இரண்டு என்றால் நாயக், மூன்று என்றால் ஹவில்தார். தோளில் ஒற்றை ஸ்டாரைப் பார்த்ததும் தாத்தா பெரிய ஆபீசர் என்று முடிவு கட்ட வேண்டாம். ஸ்டாரோடு வண்ண நாடாவும் இருந்தால் அவர் நாயப் சுபேதார். 1965 வரை அந்தப் பதவிக்கு ஜமேதார் என்று பெயர்.

தோள்பட்டையில் பித்தளை எழுத்துகள் இருக்கும். படைப்பிரிவின் பெயரை அவை சுருக்கமாகச் சொல்லும். யானைச் சின்னம் கண்ணில் பட்டால் மதராஸ் ரெஜிமென்ட் என்று எண்ணலாம். 1803-ல் அசாயே போரில் நின்ற படைகளுக்குக் கிடைத்த யானை அது. விளிம்பு நீளாத, உயரமான கருநீலத் தொப்பி இருந்தால் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்கள், அதாவது படையின் பொறியாளர் பிரிவு. இவர்களைத் 'தம்பி' என்று அழைப்பதுண்டு. இன்னொரு குறிப்பும் உண்டு. செலவைக் குறைக்க 1928-க்குள் மதராஸ் காலாட்படையைக் கலைத்துவிட்டார்கள். 1933-ல் மதராஸ் பயனியர் படையும் போயிற்று. காலாட்படையைத் திரும்பச் சேர்த்தது இரண்டாம் உலகப் போரில்தான். ஆகவே 1930-களின் நடுவில் பட்டாளத்தில் இருந்த நம் பக்கத்து ஆள் என்றால் பெரும்பாலும் சாப்பராகத்தான் இருப்பார்.

இனி பதக்கம். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்கைப் பளபளப்பாக்கும் கை பதக்கத்தையும் சும்மா விடுவதில்லை. ஆனால் முதல் உலகப் போர்ப் பதக்கத்தின் விளிம்பில், நாணயத்தின் ஓரம் போன்ற அந்த ஒடுங்கிய இடத்தில், எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் பொறித்திருக்கிறது. தேய்க்கத் தேய்க்க அது அழியும். அந்தப் போரின் முக்கியப் பதக்கம் நல்ல வெள்ளி என்பதால் எத்தனையோ உருக்கப்பட்டுவிட்டன. தப்பியதையாவது காப்பாற்ற வேண்டும். இரண்டாம் போருக்குத் தந்தவற்றில் ஆறு முனை நட்சத்திரங்கள் உண்டு. பர்மாவா ஆப்பிரிக்காவா என்று அதிலேயே எழுதியிருக்கும். ரிப்பன் மட்டும் மிஞ்சியிருந்தாலும் போதும். மணல் நிறத்தின் நடுவே சிவப்புக் கோடு ஆப்பிரிக்கா. கருநீலத்தின் நடுவே அகலச் சிவப்பும் இரண்டு ஆரஞ்சுக் கோடும் பர்மா. நட்சத்திரத்தின் முதுகையும் திருப்பிப் பாருங்கள். இந்திய வீரர்கள் பலருடையதில் எண்ணும் பெயரும் வெட்டியிருக்கும்.

பெயரை விட எண்ணையே நம்புங்கள். ராமசாமி என்ற பெயரைக் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எப்படி வேண்டுமானாலும் எழுதியிருப்பார். எண் மாறாது. ஆனால் அந்தக் காலத்தில் ஒவ்வொரு படைப்பிரிவும் தனித்தனியே எண் போட்டது. படைப்பிரிவு தெரியாத எண்ணால் பயனில்லை. இரண்டையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

பஞ்சாபியர்களுக்கு ஒரு கொடுப்பினை வாய்த்தது. முதல் போருக்குப் போன சுமார் 3,20,000 பேரின் விவரம் ஊர்வாரியாக லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தது. பிறகு அதைக் கணினியில் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். நம் பக்கம் கிடைப்பது பெரும்பாலும் கல்வெட்டு. வேலூர் மணிக்கூண்டில், இவ்வூரிலிருந்து போருக்குப் போனவர் 277, உயிர் தந்தவர் 14 என்று இருக்கிறது. பெயர் ஒன்றுகூட இல்லை. ஈராக்கின் பாஸ்ரா நினைவகத்தில் நிலைமை இன்னும் வருத்தம் தருவது. இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. சாதாரண சிப்பாய்களுக்கு இன்ன படையில் இத்தனை பேர் என்ற கணக்கு மட்டும். மதராஸ் சாப்பர்களும் போன போர்முனை அது. அதனால்தான் ஒரு பெட்டியில் கிடக்கும் ஒரு பெயரை இவ்வளவு பெரிதாக நினைக்கிறேன். கல்லில் எழுதாமல் விட்டது பதக்கத்தின் விளிம்பில் இருக்கிறது.

போருக்குப் போனார் என்று ஊரே சொல்கிறது, பெட்டியில் பதக்கமே இல்லை என்றால்? நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தாரா என்று விசாரியுங்கள். பிரிட்டிஷ் படையிலிருந்து அதில் சேர்ந்தவர்களை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்தார்கள். கறுப்பு என்று எழுதப்பட்டவர்கள் சம்பள பாக்கியும் இழந்து வெறுங்கையோடு திரும்பினார்கள். மலேயா ரப்பர் தோட்டத்திலிருந்து நேரே சேர்ந்த தமிழர்களின் பெயர் பிரிட்டிஷ் படைப் பதிவேட்டில் இருக்கவே இருக்காது. அவர்களுக்கு வேறு காகிதம் உண்டு. 1972-ல் தியாகிகள் பென்ஷன் வந்தபோது சிறைச் சான்றோ, சிறையில் உடனிருந்தவர் சான்றோ கேட்டார்கள். அந்த மனுவின் நகல் வீட்டில் இருந்தால் அதுவே தொடக்கம். புதுதில்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் இந்திய தேசிய ராணுவக் கோப்புகள் இருக்கின்றன.

மற்றவர்களுக்கு வழி எளிது. எண், பெயர், படைப்பிரிவு மூன்றையும் எழுதி, பதக்கத்தின் இரு புறமும் விளிம்பும் தெரியப் படம் எடுத்து, மதுரையில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். மதராஸ் ரெஜிமென்ட் என்றால் குன்னூரை அடுத்த வெலிங்டனிலும், சாப்பர் என்றால் பெங்களூரிலும் ஆவண அலுவலகம் இருக்கிறது. வெளிநாட்டில் உயிர்விட்டவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் காசில்லாமல் தேடலாம். அதற்கு முன், வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போதே அவர்களை உட்காரவைத்துக் கேட்டு, அவர்கள் சொல்லும் ஊர்ப் பெயர்களை எழுதி அந்தப் பெட்டியிலேயே வையுங்கள். பழைய இரும்புக்காரரிடம் எடை போட்டுவிட்டால் அந்த மனிதரைத் திரும்பக் கண்டுபிடிக்க வழியில்லை.