சட்டப் படிப்பு: ஐந்தாண்டா, மூன்றாண்டா?

தமிழ்நாட்டில் சட்டம் படிக்க இரண்டு வழிகள். பிளஸ் டூ முடித்ததும் சேர்வது ஐந்தாண்டுப் படிப்பு. ஏதாவது ஒரு பட்டம் பெற்ற பின் சேர்வது மூன்றாண்டுப் படிப்பு. நீதிமன்றத்தில் இரண்டுக்கும் ஒரே மதிப்புதான்.

பிளஸ் டூ முடிந்தபோதே சேராதவர்கள் வருந்த வேண்டியதில்லை. பி.காம். படித்துவிட்டுச் சட்டத்துக்கு வருபவருக்கு வரி வழக்குகளில் கணக்கு மிரட்டாது. முதல் பட்டம் வீணாவதே இல்லை.

அரசு சட்டக் கல்லூரிகளுக்கு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் விண்ணப்பம் பெறுகிறது. அங்கே நுழைவுத் தேர்வு கிடையாது, மதிப்பெண்தான் அடிப்படை. திருச்சியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் என்னும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

பணம் கட்டுமுன் ஒன்றை அவசியம் விசாரிக்க வேண்டும்: கல்லூரிக்கு இந்திய பார் கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா? அங்கீகாரம் இல்லாத பட்டத்தை வைத்து வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. அஞ்சல் வழியில் பெற்ற சட்டப் பட்டத்துக்கும் இதே நிலைதான்.