தீட்டுக்கல்லும் பால் வெட்டும் கத்தியும்

(தாசேக் கெலுகோர் வட்டாரத் தோட்ட மக்களிடையே ஆற்றிய உரை)



விடியுமுன் நெற்றி விளக்குடன் நிரைக்குச் செல்லும் உங்களிடம் கத்தியைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். எனினும், பழகிய வேலையில்தான் கவனம் குறைவதுண்டு.

1888-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பவர், மரத்தைக் கண்டபடி கொத்தாமல், முன் வெட்டிய வாயையே மெல்லியதாகச் சீவும் முறையை வகுத்தார். அம்முறை கத்தியின் கூரை நம்பியே நிற்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என ஆண்டுக்கு 150 தடவை வெட்டுவதாகக் கொள்வோம். ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை போனால் ஆண்டுக்கு 22½ சென்டிமீட்டர் செலவாகும். மழுங்கிய கத்தியால் இரண்டு மில்லிமீட்டர் போனால் 30 சென்டிமீட்டர். 150 சென்டிமீட்டர் உயரப் பட்டை முன்னதில் ஆறரை ஆண்டுக்கு மேல் வரும். பின்னதில் ஐந்தே ஆண்டில் தீரும். புதுப்பட்டை தடிக்குமுன் மீண்டும் அதையே வெட்ட நேரிடும். செம்பனை பெருகி ரப்பர்க் காடுகள் சுருங்கிவிட்ட இந்நாளில், இது சிறிய இழப்பன்று.

பால் குழாய்கள் பட்டையின் உட்புறத்திலேயே மிகுதி. கூரில்லாத கத்தியை அழுத்தினால் அது கட்டையைத் தொட்டுவிடும். காயம்பட்ட இடம் முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே எவர் கத்தியும் ஓடாது. அழுத்திய கத்தி வழுக்கினால் கையையும் பதம் பார்க்கும்.

இனித் தீட்டும் முறை. கல்லை நன்றாக நனையுங்கள். வாய் ஒடிந்திருந்தால் மட்டும் சொரசொரப்பான கல். மற்றபடி நயமான கல்லே போதும். நம் ஜெபோங் கத்தியின் வெளிப்பக்கங்கள் இரண்டையும் ஆட்டாமல், கல்லில் படிய வைத்துத் தேயுங்கள். ஒரு பக்கம் மிகுதியாகத் தேய்ந்தால் வெட்டு கோணும். உட்பள்ளத்திற்கு, அதில் பொருந்தும் ஓரமுள்ள ஒடுங்கிய கல் வேண்டும். அவசரத்தில் பலர் கைவிடுவது இப்பள்ளத்தைத்தான்! வாயில் எழும் பிசிறை நயமான கல்லால் மெதுவாக எடுத்துவிடுங்கள். இயந்திரச் சாணையில் பொறி பறக்கப் பிடித்தால் எஃகு சூடேறி நீலம் பாய்ந்து உரம் இழந்துவிடும். ஈரக் கல்லில் அந்த அபாயம் இல்லை.

கூரை விரலால் சோதிக்க வேண்டா. விளக்கொளியில் பிடித்துப் பாருங்கள். மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். கூரான வாய் கண்ணுக்கே தெரியாது.

“தீட்டும் நேரத்திற்குக் கூலி யார் தருவார் ஐயா?” என்று முன்பொரு கூட்டத்தில் ஓர் அம்மையார் கேட்டார். நியாயமான கேள்வியே. நம்மிடம் அதற்கு ஆயத்தமான விடை இல்லை. சங்கத்தார் நிர்வாகத்துடன் பேசும்பொழுது எழுப்பத்தக்க கேள்வி அது. நல்ல கல் வேண்டுமென்பதையும் அதனுடன் சேர்த்துக் கேளுங்கள். உடைந்த சிமெண்டுத் துண்டில் கத்தியைத் தேய்ப்பதை நாம் பல லயங்களில் கண்டிருக்கிறோம்.

தீட்டியபின் கத்தியைத் துடைத்து, துளி எண்ணெய் தடவி, உறையிலிட்டுப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இப்பொழுது உங்கள் கத்திகளைக் கொண்டுவாருங்கள். கல்லும் தண்ணீரும் இங்கே இருக்கின்றன.