கணவன் ஒரு நாடு, மனைவி ஒரு நாடு



கல்யாணமான பெண் கணவனோடு போய் வாழ யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? மாமியாரிடம் கேட்டால் போதும் என்று நம் தாய்மார்கள் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடும். ஆனால் கணவன் ஒரு நாட்டுக் குடிமகன், மனைவி வேறொரு நாட்டுக் குடிமகள் என்று ஆகிவிட்டால், மாமியாருக்கு முன்பாகவே குடிநுழைவுத் துறை அதிகாரி வந்து வாசலில் நின்றுவிடுகிறார். தோட்டப்புறத்தில் வாழ்ந்த நமக்கு இது தெரியாத கதையல்ல. ஒரே லயத்தில், ஒரே கூரையின் கீழ், கணவன் கையில் நீல அடையாளக் கார்டும் மனைவி கையில் சிவப்புக் கார்டும் இருந்த குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். 1969ஆம் ஆண்டு வேலை பெர்மிட் கட்டாயம் வந்தபோது, குடியுரிமை இல்லாத காரணத்தால் மூட்டை முடிச்சுகளோடு கப்பலேறியவர்களையும் நம் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஐரோப்பாவில் உள்ள நிலைமையை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இப்போது படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் எங்கெங்கோ போகிறார்கள். போன இடத்தில் ஒரு ஜெர்மானியரையோ பிரெஞ்சுக்காரரையோ மணந்துகொள்வதும் உண்டு. அப்போது பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, மாப்பிள்ளை எந்த ஊர், என்ன வேலை என்பதுதான். அதோடு இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும். மாப்பிள்ளை எந்த நாட்டுக்காரர், அவர் இப்போது எந்த நாட்டில் குடியிருக்கிறார்? இந்த இரண்டும் ஒரே நாடா, வெவ்வேறு நாடா என்பதைப் பொறுத்துத்தான் நம் பெண்ணுக்குச் சட்டம் கதவைத் திறக்கும் விதம் இருக்கிறது. இது எப்படி என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள் இருக்கின்றன. இவற்றில் ஒரு நாட்டுக் குடிமகன் மற்ற 26 நாடுகளில் எதற்கும் போய், பெர்மிட் எதுவும் கேட்காமல் வேலை செய்யலாம். 1957ஆம் ஆண்டு ரோம் நகரில் ஆறு நாடுகள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டபோது இதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஒரு நாட்டில் ஆள் மிகுந்திருக்கும், இன்னொரு நாட்டில் ஆள் தேவைப்படும். ஆகவே தொழிலாளி தடையில்லாமல் போய்வர வேண்டும் என்பது எண்ணம். ஆனால் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு எத்தனை பேர் போவார்கள்? ஆகையால் 1968ஆம் ஆண்டு ஒரு விதி செய்தார்கள். தொழிலாளி தன் மனைவியையும், 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் உடன் அழைத்துப் போகலாம். அவர்கள் எந்த நாட்டுக் குடிமக்களாக இருந்தாலும் சரி. கங்காணிமார் ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வந்த நாளிலும் குடும்பத்தோடு வருகிறவனே தோட்டத்தில் நிலைத்து நிற்பான் என்று சொல்வார்கள் அல்லவா? கணக்கு ஒன்றுதான்.

இப்போது நடைமுறையில் இருப்பது 2004ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம். தொழிலாளிக்கு மட்டுமல்லாமல், சொந்தத் தொழில் செய்பவர், மாணவர், கையில் போதிய பணமும் மருத்துவக் காப்புறுதியும் வைத்திருப்பவர் ஆகியோருக்கும் இது பொருந்தும். ஆனால் இந்தச் சட்டத்தில் ஒரு சொல்லை நாம் கவனிக்க வேண்டும். சொந்த நாட்டை விட்டு வேறு நாட்டுக்குப் போகிற குடிமகனுக்குத்தான் இது உரியது. சொந்த ஊரிலேயே இருப்பவனுக்கு இல்லை!

கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கிறதல்லவா? ஓர் உதாரணம் சொல்வோம். பெர்லின் நகரில் ஒரே மாடியில், எதிரெதிர் வீடுகளில் இருவர் குடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஜெர்மானியர், மற்றவர் பிரெஞ்சுக்காரர். இருவரும் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறார்கள். இருவருமே நம் பேராக் மாநிலத்துத் தோட்டத்துப் பெண்களைப் பதிவுத் திருமணம் செய்துகொள்கிறார்கள். ஜெர்மானியரின் மனைவிக்கு ஜெர்மனியின் சொந்தச் சட்டம் பொருந்தும். அந்தச் சட்டப்படி, 2007ஆம் ஆண்டு முதல், கணவனோடு சேர விசா கேட்கும் பெண் முதலில் ஜெர்மன் மொழியில் ஆரம்ப நிலைப் பரீட்சை எழுதித் தேறியிருக்க வேண்டும். விதிவிலக்குகள் சில உண்டு. ஆனால் பொது விதி அதுதான். பிரெஞ்சுக்காரரின் மனைவிக்கு ஐரோப்பியச் சட்டம் பொருந்தும். அவளுக்குப் பரீட்சை கிடையாது. விசா தேவைப்படுவோருக்கும் அதைக் கட்டணமில்லாமல், விரைவாகத் தர வேண்டும் என்று சட்டமே கூறுகிறது. ஆக, சொந்த நாட்டுக்காரனுக்கு இல்லாத சலுகை அயல்நாட்டுக்காரனுக்குக் கிடைக்கிறது. மொழி கற்பது நல்லதுதான், அதை நாம் குறை சொல்லவில்லை. கணவனோடு இருந்து கற்பதா, கணவனைப் பிரிந்திருந்து கற்பதா என்பதே கேள்வி.

இந்த முரண்பாட்டை ஐரோப்பிய இளைஞர்கள் வெகு சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். டென்மார்க் 2002ஆம் ஆண்டு ஒரு கடுமையான சட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டுத் துணையை அழைத்து வருவதானால் கணவன், மனைவி இருவருக்கும் 24 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்கு மேலும் பல நிபந்தனைகள். ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான், 2000ஆம் ஆண்டில், டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனையும் சுவீடனின் மால்மோ நகரையும் இணைக்கும் கடல் பாலம் திறக்கப்பட்டிருந்தது. டேனிஷ் வாலிபர்கள் என்ன செய்தார்கள்? பாலத்தைத் தாண்டி மால்மோவில் வீடு பிடித்தார்கள். அங்கே அவர்கள் வேறு நாட்டுக்கு வந்த ஐரோப்பியக் குடிமக்கள். மனைவி உடன் இருக்கத் தடையில்லை. காலையில் ரயிலேறிப் பழைய வேலைக்கே கோப்பன்ஹேகன் போய்விட்டு, மாலையில் வீடு திரும்பினார்கள். நெதர்லாந்துக்காரர்களும் இப்படியே எல்லை தாண்டிப் பெல்ஜியத்தில் போய்க் குடியிருந்தார்கள். அதற்கு அவர்கள் நாட்டில் 'பெல்ஜியப் பாதை' என்றே பெயர் விழுந்துவிட்டது. சொந்த ஊரில் பெற்றவர்கள் இருக்க, பெண்டாட்டியோடு வாழ்வதற்காகப் பக்கத்து நாட்டில் வாடகை கொடுத்துக் குடியிருப்பது சந்தோஷமான காரியமல்ல. ஆனாலும் பலர் செய்தார்கள்.

அப்படியானால் போனவர்கள் திரும்பவே முடியாதா? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கக் காரணமாக இருந்தவர் ஓர் இந்தியர். சுரிந்தர் சிங் என்பது அவர் பெயர். 1982ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிரிட்டிஷ் குடியுரிமையுள்ள பெண் ஒருவரை மணந்தார். 1983 முதல் 1985 வரை கணவனும் மனைவியுமாக ஜெர்மனியில் வேலை செய்தார்கள். பின்பு இங்கிலாந்துக்குத் திரும்பிச் சொந்தமாக வியாபாரம் தொடங்கினார்கள். அவர் அங்கே தங்கியிருப்பதற்கு எந்தச் சட்டம் பொருந்தும், பிரிட்டிஷ் சட்டமா, ஐரோப்பியச் சட்டமா என்று வழக்கு வந்தது. 1992ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேறு நாட்டில் போய் உழைத்துவிட்டுத் தாய்நாடு திரும்பும் குடிமகளுக்கு, அங்கே இருந்த உரிமைக்குக் குறையாத உரிமை இங்கேயும் இருக்க வேண்டும். திரும்பி வரும்போது கணவனை அழைத்துவர முடியாது என்றால் யார்தான் வெளியே போகத் துணிவார்கள் என்பது தீர்ப்பின் சாரம். தீர்ப்பு வருவதற்குள் அந்தத் தம்பதியருக்கு மணமுறிவே ஆகிவிட்டது என்பது வேறு விஷயம். அவர்களுக்குக் கிடைக்காத நிம்மதி, அந்தப் பெயரால் பின்னால் வந்த எத்தனையோ தம்பதியருக்குக் கிடைத்தது.

பிரிட்டன் 2012ஆம் ஆண்டு, வெளிநாட்டுத் துணையை அழைக்க விரும்புகிறவருக்கு ஆண்டு வருமானம் 18,600 பவுன் இருக்க வேண்டும் என்று விதித்தது. கடைகளிலும் முதியோர் இல்லங்களிலும் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களுக்கு அது எட்டாத தொகை. அவர்களில் சிலர் அயர்லாந்துக்கும் பிற நாடுகளுக்கும் போய்ச் சில மாதங்கள் உழைத்து, துணையோடு வாழ்ந்து, 'சுரிந்தர் சிங் பாதை' வழியாகத் திரும்பினார்கள். பெயருக்குப் போய்வந்தால் போதாது, விடுமுறைக்கும் வாரக் கடைசிக்கும் போவதெல்லாம் கணக்கில் சேராது, மூன்று மாதத்துக்கு மேல் உண்மையாகவே அங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்று 2014ஆம் ஆண்டு நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இப்போது பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறிவிட்டது. தாய்நாடு திரும்பும் பிரிட்டிஷ் குடிமக்களுக்கு 2022ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் தேதியோடு அந்தப் பாதையும் அடைபட்டது. வருமான வரம்போ 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் 29,000 பவுனாக உயர்த்தப்பட்டது. ஆகவே நம் பிள்ளை மணப்பது லண்டன்காரரை என்றால், இன்று நாம் சொல்லும் ஐரோப்பியச் சட்டம் அங்கே செல்லாது என்பதை நேயர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

அயர்லாந்திலும் ஒரு வழக்கு நடந்தது. ஐரோப்பியக் குடிமக்களை மணந்த நான்கு ஆப்பிரிக்கக் கணவன்மார், முன்னதாக வேறோர் ஐரோப்பிய நாட்டில் முறையாகக் குடியிருக்கவில்லை என்ற காரணத்துக்காக அங்கே தங்க உரிமை மறுக்கப்பட்டார்கள். அப்படி ஒரு நிபந்தனை விதிக்கக்கூடாது என்று 2008ஆம் ஆண்டு ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. எங்கே மணந்தார்கள், எப்போது மணந்தார்கள், துணைவர் எப்படி அந்த நாட்டுக்குள் வந்தார் என்பதெல்லாம் பொருட்டல்ல என்றும் தெளிவாயிற்று. ஆனால் பெயருக்குச் செய்யும் பொய்க் கல்யாணத்துக்கு இந்தச் சட்டம் இடம் கொடுப்பதில்லை.

இனி, நம் பெண் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு என்ன? மூன்று மாதத்துக்கு மேல் தங்குவதானால் அந்த நாட்டில் குடியிருப்பு அட்டைக்கு மனுச் செய்ய வேண்டும். கடப்பிதழ், திருமணப் பதிவுச் சான்றிதழ், கணவன் அங்கே பதிந்திருப்பதற்கான அத்தாட்சி ஆகியவையே முக்கியம். கோயிலில் தாலி கட்டியதற்கு எடுத்த புகைப்படம் அங்கே உதவாது. நம் நாட்டில் 1982ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதியிலிருந்து முஸ்லிம் அல்லாதார் திருமணங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் அமலில் இருந்தும், பதியாமல் விட்டுவிட்டுப் பிறகு அலைகிற குடும்பங்களை நாம் இன்னும் பார்க்கிறோம். மனுச் செய்த ஆறு மாதத்துக்குள் அட்டையைக் கொடுத்தாக வேண்டும். அது பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதை வைத்து அவள் வேலைக்கும் போகலாம். ஐந்து ஆண்டுகள் முறையாக வாழ்ந்தபின் நிரந்தரக் குடியிருப்பு உரிமை உண்டு. இதற்காக மலேசியக் குடியுரிமையை விட வேண்டியதில்லை. அந்த நாட்டுக் குடியுரிமையையே வாங்கினால்தான் நம் குடியுரிமைக்கு ஆபத்து. நம் அரசியலமைப்புச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை.

பெற்றோர் மனதில் உறுத்தும் கேள்வியையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். ஐந்து ஆண்டு முடியும்வரை பெண்ணின் உரிமை கணவனைப் பற்றிக்கொண்டுதான் நிற்கிறது. கொழுகொம்பைப் பற்றிய கொடி போல. கொம்பு சாய்ந்தால்? சட்டம் இதை ஓரளவு யோசித்திருக்கிறது. திருமணம் மூன்று ஆண்டுகள் நீடித்து, அதில் ஓர் ஆண்டாவது அந்த நாட்டில் கழிந்திருந்தால், மணமுறிவு ஏற்பட்டாலும் அவள் உரிமை போய்விடாது. கணவன் அடித்துத் துன்புறுத்தினான் என்றாலோ, பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு அவளிடம் இருந்தாலோ அந்த மூன்று ஆண்டுக் கணக்குக்கூடப் பார்ப்பதில்லை. கணவன் இறந்துபோனால், அதற்குமுன் ஓர் ஆண்டு அவள் அங்கே குடியிருந்திருக்க வேண்டும். ஆனால் வேலையோ, அல்லது போதிய வருமானமும் காப்புறுதியுமோ அவளுக்கென்று இருக்க வேண்டும் என்பார்கள். அதனால்தான், போன முதல் மாதத்திலிருந்தே அந்த ஊர் மொழியைக் கற்றுக்கொள்ளவும், தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளவும், தன் தாள்களைத் தன் கையிலேயே வைத்திருக்கவும் பெண்ணுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்கிறோம். அடிக்குப் பயந்து வாய் மூடி இருக்க வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பெற்றோரையும் அழைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கிறார்கள். மகளும் மருமகனும் அனுப்பும் பணத்தில்தான் தாயோ தகப்பனோ இங்கே சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் வழிசெய்கிறார்கள் என்றால் அதற்கு இடம் உண்டு. சுவீடனில் ஒரு சீனத் தாயார் தொடர்பாக 2007ஆம் ஆண்டு வந்த தீர்ப்பு இதைத்தான் கூறியது. இனிமேல் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. சொந்த ஊரிலேயே அவர்களை நம்பி வாழ்ந்ததற்கு ஆதாரம் வேண்டும். எனவே பணம் வந்த வங்கிச் சீட்டுகளைக் கிழித்துப் போடாதீர்கள்.

கடைசியாக, தலைப்பிரசவம். வளைகாப்பு முடித்துப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது நம் வழக்கம். குடியிருப்பு அட்டை வைத்திருப்பவர் ஆண்டுக்கு ஆறு மாதம் வரை வெளியே இருந்தால் அட்டைக்குக் கேடில்லை. அதற்கு மேலும், பிரசவம், கடும் நோய் போன்ற முக்கியமான காரணத்துக்காக ஒரே ஒரு முறை தொடர்ந்து 12 மாதம் வரை வெளியே இருக்கச் சட்டம் இடம் தருகிறது. பேரனுக்குப் பெயர் வைத்து, மொட்டை போட்டு, காது குத்தி அனுப்ப அந்த அவகாசம் போதும். ஆஸ்பத்திரிக் கார்டையும், பிறப்புப் பத்திரத்தையும், வந்து போன விமான டிக்கெட்டுகளையும் ஓர் உறையில் போட்டுப் பெண்ணின் கையிலேயே கொடுத்தனுப்புங்கள்.